ஒரு மீட்டர் நீள ஆறு

கலிஃபோர்னியாவில் கொலோமா என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அமெரிக்கன் ஆற்றின் தென்கிளை அதன் வழியே ஓடுகிறது. 1848 ஜனவரியில் அந்தக் கரையில் மரம் அறுக்கும் ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார் ஜேம்ஸ் மார்ஷல் என்ற தச்சர். முதல் போட்டவர் ஜான் சட்டர் என்ற பெருநிலக்காரர். ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வரும் தண்ணீர் மறுபடி ஆற்றில் சேர ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அதன் ஆழம் போதவில்லை. பகலில் ஆட்கள் வாய்க்காலின் தரையைக் கொத்திக் கிளறிவிடுவார்கள். இரவில் மதகைத் திறந்தால், கிளறிய மண்ணையும் சரளையையும் தண்ணீரே அடித்துக்கொண்டு போய்விடும். காலையில் மதகை மூடிவிட்டு, வடிந்த வாய்க்காலில் மார்ஷல் நடந்து பார்ப்பார். 24ஆம் தேதி காலை அப்படி நடந்தபோதுதான் அடிப்பாறையின் மேல் மஞ்சளாக மின்னும் சில துணுக்குகளைக் கண்டார். ஒன்றைத் தட்டிப் பார்த்தார். உடையாமல் தட்டையானது.

உலகின் நாலாபக்கத்திலிருந்தும் மக்களைக் கலிஃபோர்னியாவுக்கு இழுத்துவந்த கண்டுபிடிப்பு இது. கதை பலருக்குத் தெரியும். அதற்குள் இருக்கும் இயற்பியலைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. இரவு முழுக்க ஓடிய தண்ணீர், கிளறிய சரளையிலிருந்து லேசானதை எல்லாம் கொண்டுபோய், கனமானதைப் பாறையின் மேல் விட்டுவைத்திருந்தது. தங்கம் அரிக்கும் கருவி ஒன்றை மார்ஷல் தெரியாமலே வெட்டி, இரவில் ஓடவும் விட்டிருந்தார். இரண்டே ஆண்டுகளில் அதே ஆற்றங்கரைகளில் ஆட்கள் அதைப் பலகையில் செய்து அடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பெயர் ஸ்லூஸ் பெட்டி.

முதலில் வந்தவர்கள் கையில் இருந்தது தட்டு. சரளையை அள்ளித் தண்ணீரில் அமிழ்த்தி, சுழற்றிச் சுழற்றி லேசானதை வெளியே தள்ளுவது. நாள் முழுக்க முதுகு ஒடிய உழைத்தாலும் சுமார் 50 தட்டு அரிப்பதே பெரிய வேலை. ஜார்ஜியா மாநிலத் தங்க வயல்களில் பழகியிருந்த ஐசக் ஹம்ஃப்ரி, 1848லேயே ஆட்டிச் சலிக்கும் தொட்டில் பெட்டியைக் கொலோமாவில் அறிமுகப்படுத்தினார். அடுத்து நீண்ட மரத்தொட்டி வந்தது. அதற்கடுத்து, 12 அடிப் பலகைகளால் செய்த தொட்டிகளை ஒன்றோடொன்று செருகிய ஸ்லூஸ். இன்று பொழுதுபோக்காக ஆற்றில் இறங்குபவர் முதுகில் கட்டிக்கொண்டு போவது ஒரு மீட்டர் நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள அலுமினியப் பெட்டி. இரண்டு முனையும் திறந்திருக்கும். தரையில் ஒரு நார்ப்பாய். அதன் மேல், ஓட்டத்துக்குக் குறுக்கே, விரல்கடை உயரத் தடுப்புகள் வரிசையாக இருக்கும். ரிஃபிள் என்பது இந்தத் தடுப்புகளின் பெயர். கருவி அவ்வளவுதான். இதைப் பயன்படுத்தக் கற்பது என்பது தண்ணீரின் வேகத்தைக் கண்ணால் அளக்கக் கற்பது. எனக்கு இந்தக் கருவியின் மேல் இருக்கும் ஈர்ப்பு அதனால்தான்.

தமிழருக்குத் தங்கச் சுரங்கம் என்றவுடன் கோலார் நினைவுக்கு வரும். தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் இறங்கிப் பாறை உடைத்த இடம் அது. அங்கே தங்கம் பாறைக்குள் படிகக்கல் நரம்புகளில் சிக்கியிருந்தது. உடைத்து, அரைத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்லூஸ் பெட்டி தேடுவது வேறு தங்கத்தை. வெயிலும் மழையும் பல லட்சம் ஆண்டுகளாக உடைத்த நரம்பிலிருந்து விடுபட்டு, ஆற்று மணலில் கலந்துவிட்ட தங்கம் அது. நீலகிரியின் தேவாலா, பந்தலூர் மலைகளில் அப்படிப்பட்ட நரம்புகள் உண்டு. அங்கிருந்து இறங்கும் ஓடைகள் கேரளத்தின் நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் சேர்கின்றன. குறும்பரும் பணியரும் அந்தப் பகுதி ஓடைகளில் தங்கம் அரித்ததை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பணியாற்றிய பிரப் ஸ்மித் 1879இல் வந்து மலைகளை ஆராய்ந்தார். அவர் அறிக்கையை அடுத்து லண்டனில் பல நிறுவனங்கள் முளைத்தன, சில ஆண்டுகளிலேயே கவிழ்ந்தன. ஆனால் கீழே நிலம்பூர் ஆற்று மணலில் மரவி என்ற குழிந்த மரத்தட்டை வைத்து அரிக்கும் வேலை அவற்றுக்குப் பிறகும் நீடித்தது.

இனி எடைக்கு வருவோம். தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல 19.3 மடங்கு. சாதாரண ஆற்று மணலான படிகக்கல்லுக்கு 2.65. கரையில் வைத்து எடை போட்டால் ஒரே அளவுள்ள தங்கத் துணுக்கு மணல் துணுக்கைவிட ஏழு மடங்கு கனம். தண்ணீருக்குள் இரண்டுமே தன் கொள்ளளவு நீரின் எடையை இழக்கின்றன. எனவே மிஞ்சும் எடை 18.3க்கு 1.65. ஏழு மடங்காக இருந்த வித்தியாசம் தண்ணீரில் முங்கியதும் பதினோரு மடங்காகிவிடுகிறது. இந்த வேலையைத் தண்ணீரில் செய்வதற்கு இது ஒரு நல்ல காரணம்.

இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பிரித்துவிடலாமே என்று தோன்றும். சிக்கல் துகளின் பருமனில் இருக்கிறது. பெரிய துகள்கள் தண்ணீரில் விழும் வேகம், அவற்றின் விட்டத்தையும் அடர்த்தி வித்தியாசத்தையும் பெருக்கியதன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி 2 மில்லிமீட்டர் தங்கமணியும், அதைப்போல் பதினோரு மடங்கு விட்டமுள்ள 2.2 சென்டிமீட்டர் கூழாங்கல்லும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் விழும். மிக நுண்ணிய துகள்களுக்கு விதி மாறுகிறது. அங்கே நீரின் பிசுக்குத்தன்மை ஆட்சி செய்கிறது. 1851இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் காட்டியபடி, விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தோடு மாறும். அப்போது தங்கப் பொடியோடு சேர்ந்து விழக்கூடிய மணலின் விட்டம் வெறும் 3.3 மடங்குதான். 0.03 மில்லிமீட்டர் தங்கத் தூசியும் 0.1 மில்லிமீட்டர் நுண்மணலும் தண்ணீருக்கு ஒன்றுதான். பொடியாகப் பொடியாகத் தங்கம் தன் அனுகூலத்தை இழந்துகொண்டே வருகிறது. போதாததற்கு, தங்கம் மென்மையானது. ஆற்றில் உருளும் கற்கள் அதை அடித்து அடித்துத் தகடாக்கிவிடுகின்றன. தகடு கிடைமட்டமாகத் திரும்பினால் ஓட்டம் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அப்படியானால் கூழாங்கல்லையும் தங்கமணியையும் பெட்டி எப்படிப் பிரிக்கிறது? விடை தரையை ஒட்டிய தண்ணீரில் இருக்கிறது. எந்த ஓட்டத்திலும் மேலே வேகம் அதிகம், தரையை நெருங்க நெருங்கக் குறைவு. 2.2 சென்டிமீட்டர் கல் வேகமான நீருக்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் அதை உருட்டித் தள்ளிவிடும். 2 மில்லிமீட்டர் தங்கமணி கற்களின் இடுக்கு வழியே இறங்கி, மெதுவான நீரில் பதுங்கிக்கொள்ளும். சிறியதாகவும் கனமாகவும் இருப்பது இங்கே இரட்டை லாபம்.

அந்தப் பதுங்குமிடத்தைத் தயாரித்துக் கொடுப்பதுதான் ரிஃபிளின் வேலை. பழைய வீடுகளில் இருந்த அரிக்கன் சட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உட்புறம் வரிவரியாகப் பள்ளம் வைத்த மண்சட்டியில் அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசி அலசிச் சாய்த்தால், அரிசி தண்ணீரோடு வழிந்து அடுத்த பாத்திரத்தில் விழும், கல் பள்ளத்தில் தங்கிவிடும். ஸ்லூஸ் பெட்டியில் கைக்குப் பதில் ஆறு அலசுகிறது.

தடுப்பைத் தாண்டும் தண்ணீர் முழுவதும் நேராகப் போய்விடுவதில்லை. விளிம்பைக் கடந்ததும் ஒரு பகுதி கீழே சுருண்டு, தரையைத் தொட்டு, எதிர்த்திசையில் திரும்பி வந்து, தடுப்பின் முதுகில் மோதி மேலே ஏறி மறுபடி ஓட்டத்தில் கலக்கிறது. பெட்டியின் அகலம் முழுக்க, படுத்தவாக்கில் உருளும் ஒரு சுழல் அது. அதற்குள் விழும் மணல் ஓயாமல் தூக்கப்படுகிறது, கலைக்கப்படுகிறது. மணல் அப்படித் தளர்ந்த நிலையில் இருந்தால்தான் கனமானது கீழே இறங்க வழி கிடைக்கும். இறுகிப் படிந்துவிட்டால் தங்கம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். தங்கத்தைப் பிடிப்பது தடுப்பின் உயரம் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். உயரமான தடுப்பு போட்டுவிட்டு, அதன் பின்னால் மணல் கல்லாக இறுகுவதைக் கவனிக்காமல் நாள் முழுக்க வேலை செய்பவர்கள் உண்டு.

ஓடும் நீரில் பதுங்குமிடம் கொடுத்தால் கனமானது தங்கிவிடும் என்ற உண்மையை மனிதர்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பொருளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். காக்கசஸ் மலையின் ஆறுகளில் ஆட்டுத்தோலை விரித்துத் தங்கம் பிடித்ததாகப் பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதினார். கிரேக்கப் புராணத்தில் வரும் ஜேசனின் பொன்தோல் கதைக்கு அதுவே மூலம் என்பது அவர் காலத்திலேயே இருந்த விளக்கம். ஸ்பெயினில் ரோமானியர் மலையையே தண்ணீர் விட்டுக் கரைத்து, கால்வாயின் தரையில் முட்செடியைப் பரப்பித் தங்கத்தைச் சிக்கவைத்தார்கள். பிறகு அந்தச் செடியை எரித்துச் சாம்பலை அலசினார்கள். இது ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் செய்தி. ரோமமும் முள்ளும் செய்வதையே இன்றைய நார்ப்பாய் செய்கிறது.

ஆற்றில் பெட்டியை வைக்கும்போது முதல் கேள்வி சரிவு. ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் என்பது வழக்கமான கைக்கணக்கு, மீட்டருக்குச் சுமார் 8 சென்டிமீட்டர். குறுக்குவாட்டில் மட்டம் பிசகக்கூடாது. கொத்தனாரின் ரசமட்டத்தைப் பெட்டியின் இரு விளிம்புக்கும் குறுக்கே வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு பக்கம் தாழ்ந்தால் தண்ணீர் அங்கே ஒதுங்கி, எதிர்ப்பக்கம் மணல் இறுகும். தலைப்பக்கம் ஓட்டம் பாயும் இடமாக இருக்கட்டும், கால்பக்கம் தண்ணீர் தடையின்றி விழட்டும். கால்பக்கத்தில் கழிவுச் சரளை குவிந்து மேடானால் தண்ணீர் எதிர்த்து ஏறி, பெட்டிக்குள் வேகம் செத்துவிடும். அதை அவ்வப்போது கையால் வாரிவிட வேண்டும்.

இதற்கு மேல் எந்த எண்ணும் உதவாது. ஒரு குவளை சரளையைத் தலைப்பக்கம் போட்டுவிட்டுக் குனிந்து பாருங்கள். கூழாங்கற்கள் தடதடவென்று உருண்டு சில நொடிகளில் வெளியேற வேண்டும். பிறகு வெள்ளை மணல் தடுப்புக்குத் தடுப்பு தாவிப் போகும். கடைசியில் ஒவ்வொரு தடுப்பின் பின்னாலும் ஒரு மெல்லிய கருப்புக் கோடு மிஞ்சும். அது கருமணல், பெரும்பாலும் காந்தக்கல். அடர்த்தி 5.2. படிகக்கல்லைவிட இருமடங்கு, தங்கத்தில் கால்பங்கு. கருமணல் ஓரளவு தங்குகிறது என்றால் அதைவிடக் கனமான தங்கம் தங்க இடமிருக்கிறது என்று பொருள். கோட்டை இன்னும் நெருங்கிப் பார்த்தால், தடுப்பை ஒட்டிய மணல் ஓய்ந்து கிடக்கும், அதற்கடுத்த பகுதியில் துகள்கள் துடித்துக்கொண்டே இருக்கும். பள்ளத்தில் பாதி ஓய்வு, பாதி துடிப்பு. இந்த நிலை அமைந்துவிட்டால் பெட்டியைத் தொட வேண்டாம். தடுப்பின் பின்னால் வெறும் பாய் தெரிந்தால் வேகம் அதிகம், தலைப்பக்கத்தைத் தாழ்த்துங்கள். பள்ளம் விளிம்புவரை வெள்ளை மணலால் நிரம்பினால் வேகம் போதாது, உயர்த்துங்கள். ஒரு விரல்கடை அளவு மாற்றம் போதும்.

சரளையைச் சலித்துப் போடுவது ஏன் முக்கியம் என்பதும் மேலே சொன்ன கணக்கிலிருந்தே வருகிறது. பெரிய கல்லை நகர்த்த வேகமான தண்ணீர் வேண்டும், அதே வேகம் நுண்தங்கத்தைக் கொண்டுபோய்விடும். அரை அங்குலக் கண் சல்லடையில் சலித்துவிட்டால் தண்ணீரை மெதுவாக ஓடவிடலாம். போடும்போது சிறிய கரண்டியால் சீராகப் போட வேண்டும். ஒரு மண்வெட்டி மண்ணைத் தொப்பென்று கொட்டினால், அந்தக் கணம் தடுப்புகள் அத்தனையும் மூடிக்கொள்ளும், சுழல் நின்றுவிடும், அதற்குள் வரும் தங்கம் மேலோடு போய்விடும். களிமண் இன்னும் மோசம். களிமண் உருண்டை தரையில் உருளும்போது ஏற்கெனவே தங்கிய தங்கத்தையும் ஒட்டிக்கொண்டு வெளியேறும். வாளியில் ஊறப்போட்டு, கையால் பிசைந்து கரைத்த பிறகே பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் நல்ல அரிப்புக்காரரை அடையாளம் காண நான் இந்த வாளியைத்தான் பார்ப்பேன்.

எங்கே தோண்டுவது என்பதற்கும் இதே இயற்பியல்தான் வழிகாட்டி. வளைவின் உட்கரை, பெரும்பாறையின் கீழோட்டப் பக்கம், ஓட்டத்துக்குக் குறுக்கே வெடித்த அடிப்பாறையின் பிளவு ஆகிய இடங்களில் ஆறு தன் வேகத்தை இழக்கிறது. வெள்ளக் காலத்தில் ஆற்றுக்கு இவையே ரிஃபிள்.

பெட்டியை வெளியே எடுக்கும்போது மட்டமாகத் தூக்கி, அகலமான தொட்டியில் வைத்துத்தான் தடுப்புகளைக் கழற்ற வேண்டும். பாயைத் தலைகீழாக முக்கி அலசினால் கருமணலும் தங்கமும் தொட்டியின் அடியில் சேரும். இனித் தட்டின் வேலை. ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள தங்கத் தகடுகள் நீரின் மேற்பரப்பிலேயே மிதந்து போவதை அது தடுக்கும். காய்ந்த மணலில் காந்தத்தைக் காட்டினால் காந்தக்கல் ஒதுங்கிவிடும். தங்கம்போலத் தோன்றும் அப்ரகம் வெயிலில் மின்னும், நிழலில் அணைந்துவிடும். தங்கத்தின் மஞ்சள் நிழலிலும் மாறாது. வாரக் கடைசியில் இறங்கும் ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு கிராம் கிடைத்தால் அது மிக நல்ல நாள். பணத்துக்காக இறங்குபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கிடைத்ததைப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்தாமல், போனதை அளப்பதில்தான் அறிவியல் தொடங்குகிறது. எளிய வழி ஒன்று உண்டு. ஈயக் குண்டுகளைத் தட்டித் தகடாக்கி, நறுக்கி, எண்ணி, சரளையோடு கலந்து பெட்டியில் போடுங்கள். கால்பக்கம் ஒரு தொட்டியை வைத்து, ஒன்றுவிடாமல் மீட்டெடுக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், ஈயம் ஆற்றில் கலக்கக் கூடாது. ஈயத்தின் அடர்த்தி 11.3. அதையே பிடிக்கும் பெட்டி தங்கத்தை இன்னும் நன்றாகப் பிடிக்கும். எத்தனை தங்கின, எந்தத் தடுப்பில் தங்கின என்று எண்ணினால் பெட்டியின் குணம் தெரிந்துவிடும். பெரும்பாலானவை முதல் சில தடுப்புகளிலேயே நின்றிருக்க வேண்டும். கடைசித் தடுப்புவரை பரவியிருந்தால் சரிவிலோ போடும் வேகத்திலோ கோளாறு. கனடாவின் யூகான் பகுதியில் 1980களின் கடைசியில் ராண்டி கிளார்க்சன் என்ற பொறியாளர் இதே கேள்வியை உண்மையான தங்கத்தை வைத்தே கேட்டார். தங்கத் துகள்களை அணு உலையில் கதிரியக்கம் ஏற்றி, வேலை நடக்கும் பெரிய ஸ்லூஸ்களில் விட்டு, கதிர்மானியால் அவை நின்ற இடத்தைத் தேடினார். அந்தத் தங்கத்தின் அரைவாழ்வு 2.7 நாள்தான் என்பதால் சில வாரங்களில் கதிரியக்கம் அடங்கிவிடும். நன்றாகச் சலித்துச் சீராகக் கொடுத்தால் இழப்பு குறையும் என்று அனுபவசாலிகள் சொல்லிவந்ததற்கு அவருடைய அளவீடுகள் எண்களைக் கொடுத்தன.

கலிஃபோர்னியாவின் பழைய அரிப்புக்காரர்களுக்கு இந்தப் பொறுமை இருக்கவில்லை. 1853இல் எட்வர்ட் மாட்டிசன் நெவாடா சிட்டி அருகே குழாய்முனையிலிருந்து பாயும் தண்ணீரால் மலைச்சரிவை இடித்துக் காட்டினார். அதன்பின் நூற்றுக்கணக்கான அடி நீள ஸ்லூஸ்கள் வந்தன. அவ்வளவு வேகத்தில் நுண்தங்கம் நிற்காது என்பதால் தடுப்புகளுக்கிடையே பாதரசத்தை ஊற்றினார்கள். தங்கம் அதில் கரைந்து கலவையாகிவிடும். பாதரசமோ ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பங்கு ஆற்றோடு போனது. ஆற்றுத் தங்க வேலையில் மட்டும் கலிஃபோர்னியா இப்படி இழந்தது ஏறத்தாழ 4,500 டன் என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் மதிப்பீடு. மலையிலிருந்து இறங்கிய மண் கீழே ஆற்றுப்படுகைகளை மேடாக்கியது, வயல்களை மூடியது, மேரிஸ்வில் ஊரை வெள்ளத்தில் தள்ளியது. அங்கே சொத்து வைத்திருந்த எட்வர்ட்ஸ் உட்ரஃப் வழக்குத் தொடுத்தார். 1884இல் நீதிபதி லோரென்சோ சாயர், கழிவை ஆற்றில் விடுவதற்குத் தடை விதித்தார்.

அந்தக் கழிவு என்ன ஆனது என்று தேடிப் போனவர் க்ரோவ் கார்ல் கில்பர்ட் என்ற புவியியலாளர். பெர்க்லியில் மரத்தொட்டிகளைக் கட்டி, அளந்த சரிவில் அளந்த தண்ணீரை விட்டு, எவ்வளவு மணல் நகர்கிறது என்று எடை போட்டார். சரிவு, நீரளவு, மணலின் பருமன் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தார். 1914இல் வந்த அந்த முடிவுகளை ஆற்றுப் பொறியியலாளர்கள் இன்றும் எடுத்தாள்கிறார்கள். 1917இல் வந்த அடுத்த நூலில், சுரங்க மண் ஓர் அலையாக ஆற்றின் வழியே இறங்கி சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குப் போய்க்கொண்டிருப்பதைக் காட்டினார். ஆற்றங்கரையில் பெட்டியின் தலைப்பக்கத்தை ஒரு விரல்கடை உயர்த்திப் பார்ப்பவர் செய்வதும் கில்பர்ட் செய்த அதே சோதனைதான்.

மண் அலையின் உச்சம் கடந்துவிட்டது, பாதரசம் கடக்கவில்லை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலை ஆறுகளில் இன்று பெட்டி வைப்பவர் தட்டின் அடியில் வெள்ளி நிறத்தில் உருளும் மணிகளையும், வெள்ளைப் பூச்சு ஏறிய தங்கத்தையும் பார்க்கக்கூடும். அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அந்தப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனில் சேர்ந்து, மீனை உண்பவரின் நரம்புகளைத் தாக்குகிறது. எந்த நீர்த்தேக்கத்தில் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்று அம்மாநில அரசு பட்டியல் வெளியிடும் நிலை இதனால் வந்தது. அப்படிப்பட்ட தங்கம் கிடைத்தால் பூச்சைப் போக்குவதற்காக வீட்டு அடுப்பில் சூடாக்கவே கூடாது. பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, சமையலறையில் இருப்பவர்களின் நுரையீரலுக்கு அது நேராகப் போய்விடும். மணிகளைத் திரும்ப ஆற்றில் கொட்டவும் கூடாது. தண்ணீருக்கடியில் இருக்கும்படி ஒரு பிளாஸ்டிக் குப்பியில் போட்டு, இறுக மூடி, மேலே எழுதி ஒட்டி, உள்ளூர் நிர்வாகத்தின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிட வேண்டும்.